மூன்றாம் குழாய்

இலங்கையில், யட்டவத்த பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குத் தண்ணீர்க் குழாய் வேலை. மலைமேல் இருந்த தொட்டியிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்து லயங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர் இறங்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிற அளவுக்கு அதில் தண்ணீர் இருந்ததில்லை. முறை வைத்துத்தான் திறப்பேன். மேல் லயத்துக்கு அரை மணி, பிறகு நடு லயத்துக்கு அரை மணி, இப்படி. ஒரு லயத்து ஆட்கள் எல்லாரும் சாவுக்கோ திருவிழாவுக்கோ போயிருந்தாலும் அவர்களுடைய அரை மணியை இன்னொரு லயத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. மூடி வைத்துவிட்டு, அந்த நேரம் போகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை திருப்பிவிட்டால், அது யார் தண்ணீர் என்று சண்டை வரும். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் வாத்தியம் சொல்லிக்கொடுத்ததும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், தகரக் கூரை, ஒரு மாஸ்டர். அவர் உக்குவளையிலிருந்து பஸ்ஸில் வந்து, கொக்கோ மரங்களுக்கு நடுவே ஒன்றரை மைல் நடந்து ஏறுவார். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் குழாய் வெடித்துவிட்டது. பழைய துண்டை அறுத்து எடுத்தபோது அது கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கனத்த இரும்புக் குழாய். கோயில் மணி போலச் சத்தம் கேட்டது. உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள்.

மாஸ்டர் வெளியே வந்தார். துண்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"இதுல சின்னத் துண்டு ஒன்னு அறுத்தா என்ன சத்தம் வரும் தம்பி?"

"தெரியல்லங்க மாஸ்டர்."

"அறுத்துப் பாரேன்."

அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. போன தடவை மாத்தளையிலிருந்து வந்த கல்வி அதிகாரி, சங்கீதப் பாடத்துக்கு நேர அட்டவணையில் இடம் போட்டிருக்கிறீர்கள், வாத்தியம் எங்கே என்று கேட்டாராம். ஒன்றுமில்லை என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சேர்ந்து ஏதாவது ஒன்றை வாசித்துக் காட்டட்டும், அதை வைத்து ஒரு சங்கீத ஆசிரியருக்கும் வாத்தியப் பெட்டிக்கும் நான் எழுதுகிறேன் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலும் போதும், ஒரு சங்கீத டீச்சர். மாஸ்டருக்கு அதுவே நினைப்பு. கொஞ்ச நாளில் எனக்கும் அதுவே நினைப்பாகிவிட்டது.

ஏழு துண்டுகள் அறுத்தேன். நீளமானது கனமாகப் பேசும், கட்டையானது கூர்மையாகப் பேசும். அதிகமாக அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. ஆனால் நடுப்பகுதியை அரத்தால் தேய்த்தால் சத்தம் கொஞ்சம் இறங்கும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். கயிற்றை நுனியில் கட்டினால் சத்தம் செத்துவிடும், நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். மாஸ்டர் பாடுவார், நான் தேய்ப்பேன். அவர் போதும் என்று கை காட்டும்வரை தேய்ப்பேன்.

பாட்டு என்று ஒன்றைத் தேடவில்லை. லயத்தில் எல்லாப் பெண்களும் பிள்ளையை ஆட்டும்போது இழுக்கிற தாலாட்டு மெட்டையே எடுத்தோம். சொல்லிக்கொடுக்காமலே எல்லாப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஏழு பிள்ளைகளுக்கு ஏழு குழாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சத்தம் மட்டும். உன் முறை வரும்போது அடி, மற்றவன் குழாயைத் தொடாதே என்று சொல்லிவைத்தேன். எனக்குக் கூச்ச சுபாவம். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசவும் வராது, பாடவும் வராது. அவர்களுக்குப் பின்னால் நின்று, முறை வந்த பிள்ளையின் தோளை அரத்தின் பிடியால் மெதுவாகத் தொடுவேன். பத்து நாளில் தொடாமலே அடித்தார்கள். யாராவது காய்ச்சல் என்று வராமல் இருந்தால், அவனுடைய இடம் வரும்போது எல்லாரும் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, அடுத்ததை அடிக்க வேண்டும். அவனுடைய தண்ணீரை யாரும் எடுக்கக் கூடாது.

அதுதான் நான் செய்த பிழை. சங்கீதம் தெரிந்த ஒருவர் என்றால் ஏழு பிள்ளைகளுக்கும் ஏழு சத்தத்தையும் சொல்லிக்கொடுத்திருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் குழாயின் இலக்கத்தாலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏய் ரெண்டு, உன் சத்தம் சளி புடிச்ச சத்தம்." "உன்னோடது மட்டும் என்னவாம், தகரம்." தாய்மாரும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் திறக்கப் போன இடத்தில் ஒருத்தி என்னை மறித்தாள்.

"கங்காணி மகனுக்கு நீட்டுக் குழா, எம் மகனுக்குக் கட்டக் குழாயா? ஏன், நாங்க என்ன கொறஞ்சவங்களா?"

"கட்டைக்குத்தான் சத்தம் ஜாஸ்தி அக்கா."

"பேச்சுக்கு ஒன்னும் கொறச்சல் இல்ல."

நான் அவ்வளவு பேசியதே பெரிய காரியம்.

மூன்றாம் குழாய் ஒரு ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகளிடம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள். அவனைப் பெஞ்சுக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு அடிப்பாள். அந்த மெட்டு மூன்றாம் சத்தத்தில்தான் தொடங்கும், அதில்தான் போய் முடியும். நடுவிலும் அடிக்கடி வரும். அவள் ஒரு தடவையும் பிந்தியதில்லை.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளில் மழை பெய்து ரோட்டில் மண் சரிந்தது. வரவில்லை. அடுத்துக் குறித்த நாளைக்கு முன்னால் தமிழ் ஆட்களை அடிக்கிற கலவரம் வந்தது. பஸ் ஓடவில்லை, மாஸ்டரும் மூன்று வாரம் வரவில்லை. நாங்கள் லயத்து ஆட்கள் எல்லாம் ரப்பர் காட்டுக்குள் போய் ஒளிந்திருந்தோம். திரும்பி வந்தபோது குழாய்கள் ஏழும் மண்டபத்தில் தொங்கியபடியே இருந்தன.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு குடும்பமாகப் போக ஆரம்பித்தது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசி, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று முடிவாகியிருந்தது. எங்கள் ஆட்கள் பலர் வெகுகாலத்துக்கு முன்பே இந்தியாவுக்குப் போவதாகப் பதிந்துவிட்டு அதை மறந்துபோய் இருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு பயத்தில் அவர்களே தேடிப் போய்க் கேட்டார்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டால் நாள் குறித்துவிடுவார்கள். உக்குவளையில் கோச்சி ரயில் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் வரை போய், அங்கிருந்து கப்பல்.

முதலில் ஏழாம் குழாய் போனது. பிறகு அண்ணனும் தங்கையுமாக ஐந்தும் ஆறும் ஒரே நாளில் போயின. போகிறவர்கள் லயம் லயமாக வந்து சொல்லிக்கொண்டு போவார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்து குழாயை மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டுப் போகும். நாங்கள் தலையாட்டுவோம். முதலில் ஏழுக்கு ஒரு ஆட்டம், பிறகு ஐந்துக்கும் ஆறுக்கும். மெட்டில் பாதி தலையாட்டமாகவே போய்விட்டது.

ஒரு நாள் மூன்றாம் குழாய்ப் பெண் என்னிடம் வந்தாள்.

"மாமா, அந்த அஞ்ச நான் அடிக்கட்டா? சும்மாதானே கெடக்குது."

"அது அவன் குழா பிள்ள."

"அவன்தான் போயிட்டானே. திரும்பி வந்தா குடுத்துர்றேன்."

சரி என்றேன். ஒரு மூங்கில் கம்பில் மூன்றையும் ஐந்தையும் ஆறையும் ஏழையும் அவளுக்குப் பக்கம் பக்கமாகக் கட்டினேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு அடித்தாள். முதலாம் குழாய் கங்காணி மகனும் போன பிறகு அதையும் சேர்த்துக் கட்டினேன். மிச்சம் இருந்தது இரண்டாம் குழாயும் நாலாம் குழாயும் மட்டும். அவர்கள் இரண்டு பேருடைய வீட்டிலும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்தது. மூன்று பிள்ளைகளுமாக அந்த மெட்டை ஓட்டை இல்லாமல் முழுசாக அடித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது வரட்டும் அதிகாரி என்றார்.

அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை வருகிறேன் என்று.

அதே வாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாள் குறித்து வந்தது. செவ்வாய்க்கிழமை.

மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ போய் ஒரு வார்த்த கேட்டுப் பாரு. ஒரு வாரம் கழிச்சுப் போற ஆக்களோட போகலாமானு. ஒரே லயத்து ஆளு நீ. நான் கேட்டா நல்லா இருக்காது."

"கப்பலுக்கு நாள் குறிச்சாச்சுங்க மாஸ்டர்."

"கேட்டா என்ன கொறஞ்சு போகுது? அந்தப் புள்ள ஒரு நாள் நின்னா இங்க இருக்கிற அம்பது புள்ளைக்கும் ஒரு டீச்சர் வருவாங்க. அத நெனச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணே, ஒரு உதவி. அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் பாதிச் சாமான்கள் இல்லை. அம்மியை ஒரு வீட்டுக்கும் கோழிக்கூட்டை இன்னொரு வீட்டுக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் பெரிய பலகைப் பெட்டி ஒன்று இருந்தது. அவளுடைய அப்பா அதன் மூடியை வைத்துக்கொண்டு நின்றார்.

"வா தம்பி, வா. உன்னத்தான் நெனச்சேன். இந்த மூடி பொருந்த மாட்டேங்குது பாரு. ஆணி அடிக்கிறவன் ஒருத்தனும் இந்த லயத்துல மிச்சம் இல்ல."

"அண்ணே, நான் வந்து..."

"தெரியும் தெரியும், சொல்லாமலே வருவேனு தெரியும். ஏ புள்ள, மாமாவுக்குப் பிளேன்டி ஊத்து."

அவர் சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டார். பெட்டிக்கு உதவி செய்யத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மூடியின் ஓரத்தைச் சீவினேன். பிளேன்டி வந்தது, குடித்தேன். அவளுடைய அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, இராமேஸ்வரத்தில் இறங்கினால் யாரைத் தேடிப் போவது என்று யாரிடமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போற எடத்துல தண்ணி எப்பிடியோ தம்பி," என்றாள் என்னிடம். "இங்கயாவது ஒங்கிட்ட சண்ட போட்டு வாங்கிக்கலாம்."

"இருக்கும்க்கா."

"ஆமா, கடல் நெறைய இருக்குமாம்," என்று சொல்லி அவர் சிரித்தார். அவளுடைய அம்மா சிரிக்கவில்லை.

மூடியைப் பொருத்திப் பார்க்கிறதுக்காகப் பெட்டிக்குள் குனிந்தேன். ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு சேலைச் சுருட்டை அமுக்கினேன். கைக்குக் கடினமாகப் பட்டது. துணி விலகியபோது கயிற்றுக்காகப் போட்ட துளை தெரிந்தது, நான் அரத்தால் தேய்த்த இடம் தெரிந்தது. மூன்றாம் குழாய்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, பயப்படவும் இல்லை. நான் என்ன செய்வேன் என்று பார்த்தாள்.

எனக்குத் தெரியும், அது பள்ளிக்கூடத்துச் சாமான். அது இல்லாமல் மெட்டு தொடங்காது. அந்த இரும்பும் தோட்டத்தில் இனிக் கிடையாது, புதிதாக வருவதெல்லாம் மெல்லிசான குழாய். எடு பிள்ளை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அப்பாவே எடுத்துக் கொடுத்து, அவளுக்கு இரண்டு அடியும் வைத்திருப்பார்.

சேலையை இழுத்து மூடினேன். மூடியை வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தேன். நாலு மூலைக்கு நாலு ஆணி போதும். என் கை நிற்கவில்லை. ஓரமெல்லாம் அடித்தேன்.

"போதும் தம்பி, வழியில களவாணி வந்தாக்கூடத் தெறக்க ஏலாது," என்றார் அவர்.

"போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வரமாட்டார்கள் என்று தெரிந்த ஆட்களுக்கும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மாஸ்டரிடம், கேட்டேன், முடியாதாம் என்று பொய் சொன்னேன். மூன்றாம் குழாயைக் காணவில்லை என்றும் சொன்னேன். அது பாதிப் பொய். அவர் பிள்ளைகளின் பைகளை எல்லாம் தேடச் சொன்னார். நானும் கூடவே குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்து, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற நேரத்தில் லொறி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் மலைமேல் தொட்டியடியில் இருந்தேன். இறங்கி வரவில்லை. அன்று பகலெல்லாம் புதுக் குழாயில் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்தேன். எல்லாமே டப்பாவைத் தட்டுகிற மாதிரிக் கேட்டன. மூன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் நாலு பிள்ளைகளைப் பிடித்து, ஒன்றையும் ஐந்தையும் ஆறையும் ஏழையும் கொடுத்தேன். மெட்டு அவர்களுக்குத் தெரியும். முறைதான் பழக வேண்டியிருந்தது. மூன்றாம் இடம் வரும்போது தலையாட்டுங்கள் என்று சொன்னேன்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, அமைதியான மனிதர். மலையேறிய களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். ஆறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் வெளியே குழாயடியில் உட்கார்ந்து, நல்லாயிருந்த திருகாணி ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

மாஸ்டர் கை காட்டினார். ஆறு பிள்ளைகளும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள்.

"தொடங்கச் சொல்லுங்கோ மாஸ்டர்," என்றார் அதிகாரி.

"தொடங்கிட்டோம் சேர்," என்றான் இரண்டாம் குழாய்ப் பையன்.

மறுபடியும் தலையாட்டம். பிறகு அடித்தார்கள். புதுப் பிள்ளைகள் இரண்டு இடத்தில் பிந்தினார்கள். மூன்றாம் இடம் வரும்போதெல்லாம் சத்தம் நின்று ஆறு தலைகள் ஆடின. கடைசியில் ஒரு தலையாட்டத்தோடு முடிந்தது. அதிகாரி இன்னும் வரும் என்று காத்திருந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுருச்சு சேர்."

"ஏன் பிள்ளையள் இடைக்கிடை தலை ஆட்டுறியள்?"

"அது அவ சத்தம் சேர். அவ நேத்து இந்தியாவுக்குப் போயிட்டா."

அதிகாரி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"ஆர் பழக்கினது?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தம்பி, இங்க வா என்று கூப்பிட்டார். நான் எழுந்து போயிருக்கலாம். போய், போன வாரம் இந்தப் பிள்ளைகள் முழுசாக அடித்தார்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் ஒருவர் வந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு சத்தம் என்று நான் செய்த மாதிரிச் செய்ய மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். நான் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். அவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

அதிகாரி கோபப்படவில்லை. பிள்ளைகளின் வரவு இடாப்பை வாங்கிப் பார்த்தார். வெட்டிய பெயர்களைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "மாஸ்டர், நான் எழுதுவன். ஆனா பிள்ளையள் இப்படிக் குறைஞ்சுகொண்டு போனா, இருக்கிற உங்களையே மாத்திப் போடுவினம்," என்றார். போகும்போது அவளுக்காகக் கட்டிய அந்த மூங்கில் கம்பில் வெறுமையாகத் தொங்கிய கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சங்கீத டீச்சர் வரவில்லை. அடுத்த வருடம் மாஸ்டரையும் மாற்றிவிட்டார்கள். பிறகு வந்தவர் மண்டபத்தில் இரும்பு தொங்குவது ஆபத்து என்று கழற்றச் சொன்னார். நான்தான் கழற்றினேன்.

அதற்கும் முன்னால், அவர்கள் போய் இரண்டு வாரம் இருக்கும், அந்தப் பெண்ணின் மாமா ஒருவர் தலைமன்னார் வரை கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தார். எங்கள் லயத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தார். எங்கள் லயத்து முறை அது, நான் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"சுங்கத்துல எல்லாப் பெட்டியையும் தெறக்கணும்னு சொல்லிட்டானுங்க," என்றார். "மத்தவங்க பெட்டி எல்லாம் சட்டுனு தெறந்துச்சு. இவங்க பெட்டிக்கு எவனோ ஒரு மடப்பய ஓரமெல்லாம் ஆணி அடிச்சு வச்சிருக்கான். புடுங்கிப் புடுங்கிப் பார்த்துட்டு, கடைசில கோடாலியால மூடிய ஒடச்சு, உள்ள இருந்தத எல்லாம் மண்ணுல கொட்டிட்டானுங்க. ஒன்னொன்னா எடுத்துப் பாக்குறானுங்க. அக்கா ஒரே அழுக."

"பிறகு?"

"பிறகு என்ன, கப்பலுக்கு மணி அடிச்சிட்டாங்க. கெடச்சத அள்ளிக் கட்டிக்கிட்டு ஓடுனாங்க."

இரும்பு ஏதாவது இருந்ததா, அதைக் கொடுத்தார்களா, எடுத்துக்கொண்டார்களா, மண்ணிலேயே கிடந்ததா? கேட்க வேண்டியது அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். ஆணி அடித்தது யார் என்றும் கேட்பார்.

"கடல் எப்பிடிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பெரிசா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த அரை மணியில் இன்னும் நேரம் இருந்தது. வேறு யாரும் தண்ணீர் பிடிக்க வரவில்லை. குழாயை மூடிவிட்டு, அந்த நேரம் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.